வயதானவர்களின் ஞாபகசக்திக்கும் அவர்கள் குடியிருக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்?

வயதானவர்களின் மறதி பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் நேராக மண்டைக்குள் போய்விடுகிறோம். மரபணு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, அப்புறம் குறுக்கெழுத்துப் போடுங்கள், சுடோகு போடுங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று அறிவுரை. இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் அந்த மனிதர் எங்கே நடப்பார், வாசலை விட்டு இறங்கினால் கால் வைக்க இடம் இருக்கிறதா, ராத்திரி அவர் படுக்கும் அறைக்கு எத்தனை மீட்டர் தள்ளி லாரி போகிறது, பகலில் பேச்சுத்துணைக்கு யார் கிடைப்பார்கள் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. கடந்த 20 ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, இந்தக் கேள்விகளை விட்டுவிட்டு மூளை நலம் பேசினால் அது பாதிப் பேச்சுதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 5.7 கோடி பேருக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசிக்கும் திறனும் தேய்ந்துகொண்டே போகும் நிலை, இருந்தது, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். இதில் எவ்வளவைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு ஒன்று தொடர்ந்து பார்த்து வருகிறது. 2017இல் அந்தக் குழு 9 காரணிகளைச் சொன்னது, 2020இல் 12, 2024இல் 14. இந்த 14ஐயும் உலகத்திலிருந்தே துடைத்துவிட முடிந்தால் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பட்டியலை ஒருமுறை தெருவில் நின்று வாசித்துப் பாருங்கள். காற்று மாசு நேரடியாகத் தெரு விஷயம். தனிமை, உடலசைவு இல்லாமை, மனச்சோர்வு இவற்றில் பாதி தெருவின் கையில். தலைக் காயம் என்று ஒரு காரணி இருக்கிறது. முதுமையில் தலையில் அடிபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கீழே விழுவதுதான், விழுவதற்குப் பெயர்ந்து கிடக்கும் நடைபாதைக் கல்லே போதும். நீரிழிவு, உடல் பருமன், ரத்த அழுத்தம் மூன்றிலும் நடக்க முடிகிற ஏரியாவுக்கும் முடியாத ஏரியாவுக்கும் வித்தியாசம் உண்டு. தனிமனிதப் பழக்கம் என்று நாம் எழுதிவைத்திருப்பதில் கணிசமான பகுதி முகவரியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

காற்றிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அங்கேதான் சான்று அதிகம். 2017இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. மாகாணத்தின் சுகாதாரப் பதிவேடுகளை எடுத்து, ஏறத்தாழ 66 லட்சம் பேரின் குடியிருப்பு பெரிய சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு, 2001 முதல் 2012 வரை யாருக்கு என்ன நோய் வந்தது என்று பின்தொடர்ந்தார்கள். சாலைக்கு 50 மீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்கு டிமென்ஷியா அபாயம் 7 சதவீதம் அதிகம், 50 முதல் 100 மீட்டர் வரை 4 சதவீதம், 200 மீட்டர் வரை 2 சதவீதம், அதற்கு அப்பால் வித்தியாசமே இல்லை. பெருநகரத்திலேயே இருந்து, வீடும் மாற்றாமல், 50 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு 12 சதவீதம். தூரம் கூடக் கூட அபாயம் படிப்படியாக இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். அதே ஆய்வில், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் வேறு இரண்டு நோய்களான பார்க்கின்சன் நோய்க்கும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸுக்கும் சாலைத் தூரத்தோடு இப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. சாலையோரம் இருப்பவர்கள் பொதுவாகவே நலிந்தவர்கள், அதனால் எல்லா நோயும் அவர்களுக்குக் கூடுதலாக வருகிறது என்று தள்ளிவிட முடியாதபடி இது செய்கிறது.

தெருவின் புகை மூளைக்குள் எப்படிப் போகிறது? பிஎம் 2.5 என்று செய்திகளில் படிக்கிறோமே, அது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. மூக்கும் தொண்டையும் இதை வடிகட்டுவதில்லை, நுரையீரலின் அடிப்பை வரை போகும், அதிலும் மிக நுண்ணியவை ரத்தத்தில் கலக்கும். அப்புறம் இரண்டு வழிகள். ஒன்று சுற்றுவழி: நுரையீரலில் தொடங்கும் அழற்சி உடம்பு முழுக்கப் பரவி ரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது, மூளையின் நுண்ணிய குழாய்களும் அதில் அடக்கம். இன்னொன்று குறுக்குவழி: மூக்கின் உச்சியில் உள்ள வாசனை நரம்பு நேரடியாக மூளைக்குள் போகிறது, நுண்துகளும் அதைப் பிடித்துக்கொண்டு ஏறலாம். லிலியான் கால்டெரோன் கார்சிதுவேன்யாஸ் என்ற மெக்சிகோ ஆராய்ச்சியாளர் 2000களின் தொடக்கத்திலேயே மாசு மிகுந்த மெக்சிகோ நகரத்துத் தெரு நாய்களின் மூளையை ஆராய்ந்து, டிமென்ஷியாவின் மிகப் பொதுவான வகையான அல்சைமரில் காணப்படுவது போன்ற படிவுகளைக் காட்டினார். 2016இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பார்பரா மாஹெர் குழு, மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத் திசுவில் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் கண்டது. மூளையில் இயற்கையாக உருவாகும் மேக்னடைட்டுக்கு ஒரு படிக வடிவம் இருக்கும், இவையோ பெரும்பாலும் உருண்டை, அதாவது அதிக வெப்பத்தில் எரிந்து உருவானவை. அந்தத் துகள்தான் நோயை உண்டாக்கியது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, அப்படி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியே எரிந்தது உள்ளே போய்ச் சேர்கிறது என்பதை மட்டும் அது கண்ணுக்குக் காட்டியது. எனக்கு அதுவே போதுமான அதிர்ச்சி.

நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் 74 முதல் 92 வயது வரை உள்ள, டிமென்ஷியா இல்லாத பெண்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. கேள்வியை அவர்கள் திருப்பிப் போட்டார்கள்: காற்று சுத்தமானால் என்ன ஆகிறது? முந்தைய 10 ஆண்டுகளில் நுண்துகளும் நைட்ரஜன் டை ஆக்சைடும் எந்தப் பகுதியில் அதிகமாகக் குறைந்தனவோ அந்தப் பகுதிப் பெண்களுக்கு டிமென்ஷியா வரும் அபாயமும் குறைவாக இருந்தது. 74 வயதுக்கு மேல் இனி என்ன, சேர்ந்த கேடு சேர்ந்துவிட்டது என்று கைவிடத் தேவையில்லை என்று இது சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5க்கான ஆண்டுச் சராசரி அளவை, ஒரு கனமீட்டர் காற்றுக்கு 10 மைக்ரோகிராம் என்பதிலிருந்து 5ஆகக் குறைத்தது. உலக மக்களில் மிகப் பெரும்பாலோர் அதைத் தாண்டிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

சாலை புகையை மட்டும் அனுப்புவதில்லை, சத்தத்தையும் அனுப்புகிறது. இரண்டும் ஒரே வாகனத்திலிருந்து வருவதால் பிரித்துப் பார்ப்பது கடினம். டென்மார்க்கில் 60 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 20 லட்சம் பேரின் வீட்டுச் சுவர்மேல் விழும் சாலை, ரயில் இரைச்சலை வீடு வீடாகக் கணக்கிட்டு, காற்று மாசையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவு: அந்த நாட்டில் 2017இல் பதிவான 8,475 டிமென்ஷியா நோயாளிகளில் 1,216 பேருக்கு இரைச்சல் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சத்தம் மூளைக்கு என்ன செய்யும்? பகலில் எரிச்சல் தரும், ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும். நமக்குப் பழகிவிட்டது, காதில் விழுவதே இல்லை என்று சாலையோரம் இருப்பவர்கள் சொல்வார்கள், ஆனால் தூங்கும் உடம்பு ஒவ்வொரு ஹாரனுக்கும் எதிர்வினை செய்துகொண்டுதான் இருக்கிறது, இதயத்துடிப்பு ஏறுகிறது, ஆழ்ந்த தூக்கம் கலைந்து மேலோட்டமாகிறது, காலையில் அவருக்கு அது நினைவே இருக்காது. ஆழ்ந்த தூக்கத்தில் நினைவுகள் உறுதிப்படுகின்றன. அதோடு, மூளை தன் கழிவுகளை வெளியேற்றும் வேலை தூக்கத்தில் கூடுதலாக நடக்கிறது என்று 2013இல் எலிகளில் செய்த சோதனை ஒன்று காட்டியது. மனிதர்களில் அது எந்த அளவுக்கு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. கழிவு விஷயத்தை ஒதுக்கி வைத்தாலும் கெட்ட தூக்கம், அதனால் ஏறும் ரத்த அழுத்தம், அதனால் கெடும் ரத்தக்குழாய் என்ற சங்கிலி ஒன்றே போதும்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். 7 சதவீதம், 4 சதவீதம், இதெல்லாம் ஒரு அபாயமா, புகைபிடிப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லையே? ஒரு தனி மனிதரைப் பார்த்தால் உண்மைதான். ஆனால் பிரிட்டிஷ் மருத்துவ அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: சிறிய அபாயம் பெரும் கூட்டத்தின்மேல் விழும்போது, பெரிய அபாயம் சிலர்மேல் விழுவதைவிட அதிக நோயாளிகளை உண்டாக்க முடியும். புகைபிடிக்காதவர்கள் உண்டு, குடிக்காதவர்கள் உண்டு, சுவாசிக்காதவர் யார்? லான்செட் குழு காற்று மாசின் பங்கை 3 சதவீதம் என்கிறது. 5.7 கோடியில் 3 சதவீதம் என்றால் சுமார் 17 லட்சம் மனிதர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் தனி. தனி நபரின் மன உறுதியால் இந்தச் சதவீதத்தைக் குறைக்கவே முடியாது. இதில் மூச்சை அடக்கும் வைராக்கியம் எல்லாம் பலிக்காது.

சரி, நடையைப் பார்ப்போம். நடப்பது மூளைக்கு நல்லது என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. ரத்த ஓட்டம், சர்க்கரை, மனநிலை எல்லாவற்றுக்கும் உதவுகிறது. ஆனால் நடக்கச் சொல்லும் அறிவுரை சாலையைக் கடக்கும் இடத்தில் போய் முட்டி நிற்கிறது. பிரிட்டனில் சிக்னலில் பாதசாரிக்கு விடும் நேரம் ஒருவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற கணக்கில் போடப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரம் பேரின் நடையை அளந்த ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சராசரி: ஆண்களுக்கு வினாடிக்கு 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மீட்டர் அகலச் சாலைக்குச் சிக்னல் 10 வினாடி தரும், 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் ஓர் அம்மாவுக்குத் தேவை 15 வினாடி. மீதி 5 வினாடி அவர் வண்டிகளுக்கு நடுவே நிற்கிறார். ஒருமுறை அப்படி நின்று பயந்தவர் அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகமாட்டார், அதற்கடுத்து அந்தச் சாலைக்கு அப்பால் இருக்கும் நூலகம், கோயில், பூங்கா, சிநேகிதி வீடு எல்லாம் அவர் வாழ்க்கையிலிருந்து கழன்றுகொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் அதை வயசாகிவிட்டது, வெளியே போகப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இதே வரிசையில்தான் உட்கார பென்ச் இல்லாதது, கழிப்பறை இல்லாதது, இருட்டியபின் விளக்கு எரியாதது, நடைபாதையில் வண்டி நிறுத்தியிருப்பது எல்லாம் வருகின்றன. சிறுநீர் அடக்க முடியாத வயதில் ஒரு பொதுக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதுதான் அவருடைய உலகத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது. இதை எந்த மருந்துச் சீட்டிலும் எழுதமாட்டார்கள்.

நடையில் கால் வேலை பாதிதான், மீதி மூளையின் வேலை, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஜான் ஓ'கீஃப் 1971இல் எலியின் மூளையில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டுபிடித்தார். 2005இல் மே பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரும் பக்கத்திலேயே உள்ள என்டோரைனல் கார்டெக்ஸ் என்ற பகுதியில் இடத்தைக் கட்டம் கட்டமாக அளக்கும் செல்களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது. அல்சைமர் நோய் மூளையில் முதலில் கைவைக்கும் இடங்களில் முக்கியமானது அதே என்டோரைனல் கார்டெக்ஸ், அடுத்து ஹிப்போகேம்பஸ். பெயர் மறப்பதற்கு முன்னாலேயே சிலருக்கு வழி தப்புவது இதனால்தான். தினமும் வெளியே போய் எந்தச் சந்தில் திரும்பலாம், இன்று இந்தப் பக்கம் தோண்டியிருக்கிறார்களே சுற்றிப் போகலாமா என்று யோசித்துத் திரும்பி வரும் ஒருவர் நோய் முதலில் தாக்கும் அதே பகுதியை அன்றாடம் வேலை வாங்குகிறார். அது நோயைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு நேரடிச் சான்று போதாது. ஆனால் இடம் ஆளை மாற்றுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. சீ ஹீரோ குவெஸ்ட் என்ற மொபைல் விளையாட்டின் வழியாக 38 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 4 லட்சம் பேரின் வழிகாணும் திறனைச் சோதித்தார்கள். 2022இல் வந்த முடிவு, நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்களும், கட்டம் போட்டாற்போல் நேர்கோட்டில் அமையாத தெருக்களில் வளர்ந்தவர்களும் பொதுவாக வழி காண்பதில் மேலாக இருந்தார்கள் என்பது. சிறுவயதில் ஓடித் திரிந்த சந்துபொந்துகள் பெரியவர் ஆனபின்னும் தலைக்குள் வேலை செய்கின்றன.

அடுத்து, போய்ச் சேர்வதற்கு ஓர் இடம் வேண்டும். வெறுமனே நடப்பதற்காக நடப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அமெரிக்காவில் ஜெசிகா ஃபின்லே என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் 21,000க்கும் மேற்பட்ட முதியவர்களின் அறிதிறன் (நினைவு, கவனம், யோசனை) சோதனை முடிவுகளையும் அவர்கள் குடியிருக்கும் பகுதியில் என்னென்ன இருக்கின்றன என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். சமூக அமைப்புகள், பொழுதுபோக்கு மையங்கள், கலைக்கூடங்கள், அருங்காட்சியகங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று வந்தது, எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, காபிக் கடைகளும் துரித உணவகங்களும் அந்த நல்ல பட்டியலில் வந்தது. சத்து நிபுணர்கள் முகம் சுளிக்கும் கடை. ஆனால் குறைந்த காசில் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் எழுந்து போ என்று சொல்வதில்லை, நாலு முகம் பார்க்கலாம், கழிப்பறை இருக்கிறது, குளிரோ வெயிலோ இல்லை. உணவின் கெடுதலை மீறி அந்த உட்காரும் இடம் வேலை செய்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். லான்செட் குழுவின் கணக்கில் தனிமையின் பங்கு 5 சதவீதம், காற்று மாசைவிட அதிகம். பேச்சு என்பது மூளைக்குக் கிடைக்கும் கடினமான பயிற்சிகளில் ஒன்று; எதிராளி சொல்வதைக் கேட்க வேண்டும், முகத்தைப் படிக்க வேண்டும், போன வாரம் அவர் சொன்னதை நினைவில் வைத்திருக்க வேண்டும், சட்டென்று பதில் தேட வேண்டும். சுடோகு இதில் பாதிகூடக் கேட்பதில்லை.

பசுமை பற்றியும் நிறைய எழுதுகிறார்கள். பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் ஒயிட்ஹால் ஆய்வில், மரஞ்செடி அதிகமுள்ள பகுதிகளில் இருந்தவர்களின் அறிதிறன் 10 ஆண்டுகளில் சற்று மெதுவாகக் குறைந்தது. வித்தியாசம் சிறியது. மரம் தானாக என்ன செய்கிறது, மரம் இருப்பதால் மக்கள் வெளியே வருவது என்ன செய்கிறது என்பதைப் பிரிக்க முடியவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, எப்படியானாலும் நிழல் வேண்டும்.

இப்போது கஷ்டமான பகுதி. இந்த நல்லது கெட்டது எல்லாம் ஊருக்குள் சமமாகப் பங்கிடப்படவில்லை. புகை, சத்தம், உடைந்த நடைபாதை, பூங்கா இல்லாமை, நூலகம் இல்லாமை எல்லாம் ஒரே ஏரியாவில் வந்து குவிகின்றன, அது ஏழைகள் இருக்கும் ஏரியா. அமெரிக்காவில் வருமானம், கல்வி, வேலை, வீட்டின் தரம் ஆகியவற்றைச் சேர்த்து ஒவ்வொரு சிறு பகுதிக்கும் பின்தங்கல் குறியீடு ஒன்று போட்டிருக்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஏமி கைண்ட் குழு அதை எல்லோரும் பார்க்கும்படி வரைபடமாக்கியது. 2020இல் அதை வைத்து இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில், மூளை ஸ்கேன் செய்தபோது மிகவும் பின்தங்கிய 20 சதவீதப் பகுதிகளில் இருந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 4 சதவீதம் சிறியதாக இருந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு அறிதிறன் குறைபாடு எதுவும் இல்லை. இன்னொன்றில், இறந்தபின் மூளையைத் தானம் செய்த 447 பேரில், மிகவும் பின்தங்கிய பகுதியில் வாழ்ந்தவர்களின் மூளையில் அல்சைமர் மாற்றங்கள் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. மூளையை அறுத்துப் பார்க்கும்போதுகூட முகவரி தெரிகிறது என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

இது காரணமா, வெறும் தொடர்பா? நியாயமான கேள்வி. உடம்பும் பணமும் உள்ளவர் நல்ல ஏரியாவுக்குப் போகிறார், மறதி தொடங்கியவர் வருமானம் இழந்து மலிவான இடத்துக்கு வருகிறார், அப்போது ஏரியாவைக் குற்றம் சொல்வது தப்பாகிவிடும். கல்வியும் குழந்தைப் பருவ வறுமையும்கூட இதில் கலந்திருக்கும். மனிதர்களைக் குலுக்கல் போட்டு நல்ல தெருவிலும் கெட்ட தெருவிலும் குடியமர்த்தினால்தான் சந்தேகம் தீரும். கிட்டத்தட்ட அப்படியே இரண்டு முறை நடந்திருக்கிறது. 1994இல் தொடங்கி அமெரிக்காவின் 5 நகரங்களில், பொதுக் குடியிருப்புகளில் இருந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்களிடையே சீட்டுப் போட்டு, சிலருக்கு மட்டும் வறுமை குறைந்த பகுதிக்குப் போக வாடகை உதவி கொடுத்தார்கள். 10, 15 ஆண்டுகள் கழித்து, அந்த வாய்ப்புக் கிடைத்த பெண்களிடம் கடுமையான உடல் பருமனும் நீரிழிவும் குறைவாக இருந்தன. சுவீடனில் 1987 முதல் 1991 வரை வந்த அகதிகளை அரசு வெவ்வேறு பகுதிகளுக்கு அனுப்பியது, தேர்வு அவர்கள் கையில் இல்லை. பின்தங்கிய பகுதியில் விழுந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு அதிகமாக வந்தது. இரண்டும் டிமென்ஷியாவை அளக்கவில்லை. ஆனால் டிமென்ஷியாவுக்கு இட்டுச்செல்லும் நீரிழிவில் இடத்துக்கும் பங்கு உண்டு என்று காட்டின.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும், இது பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. ஆய்வாளர்கள் ஏரியாவின் பங்கைக் கணக்கிடும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதி எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்த மீதி சிறியதாக வந்தால் ஏரியாவுக்குப் பெரிய பங்கில்லை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ஏரியா வேலை செய்வதே சர்க்கரை வழியாக, ரத்த அழுத்தம் வழியாக என்றால், நாம் கழித்தது ஏரியாவின் பங்கைத்தானே? அதனால் சிறிய எண்களைப் பார்த்ததும் அலட்சியமாகத் தாண்டிப் போகக் கூடாது. அதுபோல, 70 வயதில் ஒருவர் எந்த முகவரியில் இருக்கிறார் என்பது அவர் வாழ்ந்த இடங்களில் கடைசி ஒன்று மட்டுமே. மூளையைக் கெடுக்கும் ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களில் பெட்ரோலில் கலக்கத் தொடங்கினார்கள், உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021இல். சுவாசித்த ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும், முதுமையில் எலும்பு தேயும்போது மறுபடி ரத்தத்தில் இறங்கும். இன்று முதியவர்களாக இருப்பவர்கள் ஏறத்தாழ எல்லோரும் அந்தப் புகைக்குள் வளர்ந்தவர்கள்.

முதியவர்களை இது ஏன் கூடுதலாகத் தாக்குகிறது என்பதற்கு பவல் லாட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலும் 70களிலும் ஒரு விளக்கம் கொடுத்தார், இன்றுவரை எனக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. மனிதனின் திறன் குறையக் குறைய அவன் நடத்தையில் சூழலின் பிடி கூடுகிறது என்றார். 40 வயதுக்காரருக்கு நடைபாதை உடைந்திருந்தால் அது ஒரு எரிச்சல், தாண்டிப் போய்விடுவார். 80 வயதுக்காரருக்கு அதுவே ஊரின் எல்லை. வண்டி ஓட்டுவது நின்று, பார்வை மங்கி, கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் போனபின் அவருடைய உலகம் வீட்டைச் சுற்றி சில நூறு மீட்டராகச் சுருங்குகிறது, அந்தச் சில நூறு மீட்டரில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருடைய உலகம். இதை மறுபக்கமாகவும் படிக்கலாம்: திறன் குறைந்தவருக்குச் சூழலில் செய்யும் சிறிய மாற்றம்கூடப் பெரிய பலன் தரும்.

மறதி ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்களுக்கும் இது பொருந்தும். எலிசபெத் பர்ட்டன், லின் மிட்செல் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் 2000களில் டிமென்ஷியா உள்ளவர்களோடு தெருத்தெருவாக நடந்து, எங்கே திணறுகிறார்கள், எதைப் பிடித்துக்கொண்டு வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். வரைபடமும் அம்புக்குறிப் பலகைகளின் கூட்டமும் அவர்களுக்குப் பயன்படவில்லை. மணிக்கூண்டு, தபால் பெட்டி, ஒரு தனிப்பட்ட மரம், பழைய கட்டடம் இப்படிப் பளிச்சென்று தெரியும் அடையாளங்கள்தான் பயன்பட்டன. எல்லா மூலையும் ஒரே மாதிரி இருக்கும் நாற்சந்திகள் குழப்பின, லேசாக வளையும், ஒவ்வொன்றும் தனி முகம் கொண்ட தெருக்கள் உதவின. தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டிருந்தால் அது பள்ளம்போலத் தெரிகிறது, பளபளக்கும் தரை ஈரமாகத் தெரிகிறது, அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 100, 125 மீட்டருக்கு ஒரு பென்ச் வேண்டும் என்றும் அவர்கள் பரிந்துரைத்தார்கள். அழகுபடுத்துகிறோம் என்று பழைய அடையாளங்களை இடித்துவிட்டு எல்லாத் தெருவையும் ஒரே அச்சில் வார்க்கும் நகராட்சிகள் இதைப் படிக்க வேண்டும்.

அப்படியானால் அப்பா அம்மாவை நல்ல ஏரியாவுக்கு மாற்றிவிடலாமா என்று பலர் நினைப்பார்கள். வயதும் நிலையும் பார்த்துச் செய்ய வேண்டியது இது. 60களில், தெம்பாக இருக்கும்போது, புதிய இடத்தைக் கற்றுக்கொள்ள முடியும், அப்போது சாலையை விட்டு 200, 300 மீட்டர் உள்ளே தள்ளிப் போவது நிச்சயம் யோசிக்கத் தக்கது. மறதி தொடங்கியபின் மாற்றினால் 30 ஆண்டுகளாக உடம்பே அறிந்து வைத்திருந்த வழிகளையும், பெயர் சொல்லிக் கூப்பிடும் அக்கம்பக்கத்தாரையும் ஒரே நாளில் பறித்துவிடுகிறோம், புதிதாகக் கற்க வேண்டிய மூளைப் பகுதிதான் பழுதாகியிருக்கிறது. அந்த நிலையில் நான் இருக்கும் இடத்தையே சரிசெய்யச் சொல்வேன். படுக்கையைச் சாலைப் பக்க அறையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். போக்குவரத்து நெரிசல் நேரத்தில் சாலைப் பக்கத்து ஜன்னலை மூடி, ஓய்ந்தபின் திறங்கள். நடைக்குப் பெருஞ்சாலை வேண்டாம், ஒரு தெரு உள்ளே தள்ளிப் போனாலே புகை கணிசமாகக் குறையும். காது, கண் இரண்டையும் சோதியுங்கள், கேட்காதவருக்கும் தெரியாதவருக்கும் எவ்வளவு நல்ல தெருவும் பயன்படாது. வழி தப்பும் பயம் இருந்தால் வெளியே போகாதே என்று தடுப்பதற்குப் பதிலாக அடையாளங்கள் நிறைந்த ஒரே வழியைத் தேர்ந்து தினமும் கூடப் போங்கள். வழியில் இருக்கும் கடைக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

இதற்கு மேல் குடும்பத்தால் முடியாது, வார்டு உறுப்பினரையும் நகராட்சியையும் போக்குவரத்துக் காவலையும்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது பொதுவாக முதியோர் நலம் என்று மனு எழுதாதீர்கள், கோப்பில் போய்த் தூங்கும். குறிப்பாகக் கேளுங்கள்: இந்தச் சிக்னலில் பச்சை எத்தனை வினாடி, சாலை எத்தனை மீட்டர், வினாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவர் கடக்க எத்தனை வினாடி கூட்ட வேண்டும். இந்தப் பேருந்து நிறுத்தத்துக்கும் பூங்காவுக்கும் நடுவே 400 மீட்டர், பென்ச் ஒன்றுகூட இல்லை, மூன்று வேண்டும், எந்த எந்த மரத்தடியில் என்று குறித்துக் கொடுங்கள். எந்த நேரத்தில் எந்த வழியாக லாரி போகிறது, ராத்திரி 10 மணிக்கு மேல் அதைச் சுற்றி விட முடியுமா. நடைபாதையில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது, போட்டோவோடு. பெரும்பாலான வேலைக்குப் புதிய திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை, சிக்னல் பெட்டியைத் திறந்து எண்ணை மாற்றினால் மறுநாள் காலையிலிருந்தே அந்தச் சாலையை ஒரு வயதானவர் ஓடாமல் கடக்கலாம்.